ஒத்தைக்கு ஒரு ஜோடி

தோள்பையின் வார் லேசாக இருந்தது. அதுதான் முதலில் தட்டுப்பட்டது.

காலையிலிருந்து அந்த வாரின் நுனியில் ஒரு சின்னக் கனம் தொங்கிக்கொண்டே வந்திருந்தது. படியேறும்போது பின்னுக்கு இழுக்கும், கூடம் திரும்பும்போது பக்கவாட்டில் ஆடும், நின்றால் தானும் நிற்கும். பத்து மாதமாகப் பழகிப்போன கனம். காலில் செருப்பு இருப்பதைக் கால் மறந்துவிடுகிற மாதிரி டீச்சரின் தோளும் அதை மறந்திருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டு, நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலத்தில், மியூசியத்தின் கடைசிக் கூடத்தில் நின்று, "ஜோடி சேருங்க, கிளம்பலாம்" என்று சொன்ன நிமிஷத்தில்தான், அந்தக் கனம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டிரண்டாக, கை கோத்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி. மிச்சம் யாரும் இல்லை.

மிச்சம் ஒருத்தி இருந்தாக வேண்டும்.

நாலாம் வகுப்பில் இருபத்தொன்பது பிள்ளைகள். பதினாலு ஜோடி போக ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று எப்போதும் ஒரே பெண்தான், வருகைப் பதிவில் கடைசி எண்காரி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ஒத்தை. ஒத்தை, டீச்சரின் சொந்த மகள்.

சொந்த மகள் என்பதால்தான் ஒத்தை. போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து நின்று, டீச்சருக்குத் தன் பிள்ளை என்றால் ஒரு கண்ணில் வெண்ணெய், ஊரார் பிள்ளை என்றால் மறு கண்ணில் சுண்ணாம்பு என்று போட்டு உடைத்துவிட்டாள். தலைமையாசிரியை தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஒரு பேச்சு வந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி டீச்சர் மகளை உட்கார வைத்து ஒரு சட்டம் போட்டாள். ஸ்கூலில் அம்மா கிடையாது, மிஸ்தான். கையைப் பிடிக்கக் கூடாது, மடியில் சாயக் கூடாது. வரிசையில் கடைசி ஆளாக வரணும், வேணுமானால் பை வாரைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒத்தை அப்போதே சந்தேகமெல்லாம் கேட்டுத் தீர்த்துக்கொண்டாள். பஸ்ஸில் என்றால்? டூர் போனால்? "யூனிஃபார்ம் போட்டிருக்கிற வரைக்கும் மிஸ்தான்" என்றாள் டீச்சர். "சரி மிஸ்" என்றது குழந்தை, நைட்டியைப் போட்டுக்கொண்டே, சும்மா பழகிப் பார்க்க.

மற்ற வகுப்புகளில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்பார்கள். தன் வகுப்பில் மட்டும் அதை 'உள்ளேன் மிஸ்' என்று டீச்சர் மாற்றினாள். அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து மட்டும் வேறு மாதிரி காதில் விழுந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஒத்தை சட்டத்தை மீறியதே இல்லை. ஒரு நாள் பள்ளியில் ஜுரம் கொதித்து, ஆயாம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டிருக்க, எட்டிப் பார்த்த டீச்சரிடம் அந்தப் பெண், "மிஸ், எங்க அம்மாகிட்ட சொல்லிடறீங்களா?" என்று கேட்டது. அன்று ராத்திரி டீச்சர் இதைப் புருஷனிடம் வேடிக்கையாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த ஒத்தைதான் இப்போது வரிசையின் கடைசியில் ஜோடியோடு நின்றாள். முதுகு காட்டிக்கொண்டு. பக்கத்தில் அவளுடைய உயரமே இருந்த இன்னொரு பெண். அதே நீல ரிப்பன், அதே இரட்டைப் பின்னல். இரண்டு பேரும் கையைக் கோத்து லேசாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ ஜோடி மாறி வந்திருக்கும் என்று டீச்சர் முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மாறி வந்தால் வேறெங்காவது ஓட்டை விழ வேண்டுமே. முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு, நாலு, ஆறு. கடைசி ஜோடியைத் தொடாமல், கண்ணாலேயே எண்ணி முடித்தாள்.

முப்பது.

ஆயாம்மாவை எண்ணச் சொன்னாள். ஆயாம்மா பிள்ளைகளின் தலையைத் தட்டித் தட்டி எண்ணுகிறவள். பாதி வழியில் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள், கடைசி ஜோடியின் தலையை மட்டும் தட்டாமல், தூரத்திலிருந்தே எண்ணிவிட்டுத் திரும்பி வந்தாள். "எனக்கு முப்பது வருது டீச்சர். கண்ணாடிய மாத்துன்னு மருமக சொல்றா, நான்தான் கேக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூடத்துக்குள் அந்தச் சிரிப்பு பெரிதாகக் கேட்டது.

அந்தக் கூடத்தில் எதுவுமே பெரிதாகத்தான் கேட்டது. உயரமான கூரை, காலடியில் மரப்பலகை, ஜன்னல்களில் தரை வரை தொங்கும் தடித்த திரை. அவர்களைத் தவிர அன்று வேறு ஆளே வரவில்லை. நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாசனையும், பழைய மரத்தின் வாசனையும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓவியர்கள் வண்ணத்தில் குழைக்கிற அந்த எண்ணெயின் கசந்த வாசனையும் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன. திரைக்குப் பின்னால் மழை, யாரோ அரிசி களைவதுபோல, ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கூடத்தில் ஒரே ஒரு படம்தான். சுவரை முழுசாக அடைத்த படம். மங்கிய வெளிச்சத்தில் ஒரு மண்பாதை மரக்கூட்டத்துக்குள் போகிறது. அதில் பிள்ளைகள், நிஜப் பிள்ளைகளின் உயரத்திலேயே, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டிரண்டாகக் கை கோத்து நடந்து போகிறார்கள். கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை. யார் வரைந்தது, எப்போது வரைந்தது என்று ஒரு சீட்டுகூடப் பக்கத்தில் கிடையாது. மத்தியானம் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒத்தைதான் கயிற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். படத்தின் கடைசியில் தனியாக நடக்கிற ஒரு பெண்ணைக் காட்டி, "அவளுக்கும் ஜோடி இல்ல மிஸ். அவ கையைப் பிடிக்க யாருமே இல்ல" என்றாள்.

"மத்தவங்களுக்கு மறைக்குது பாரு, நகரு" என்றாள் டீச்சர். வேறு பிள்ளை சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி பேசியிருப்பாள்.

நகர்ந்து நாலு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து காவலாளியின் குரல் கேட்டது. "தொடக் கூடாது பாப்பா." திரும்பினபோது ஒத்தை கயிற்றுக்கு உள்ளே இருந்த கையை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

இது எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

பையிலிருந்து வருகைப் பதிவை எடுத்தாள். பெயர் வேண்டாம், எண்ணைக் கூப்பிட்டால் போதும். ஒன்று. உள்ளேன் மிஸ். இரண்டு. உள்ளேன் மிஸ். ஒவ்வொரு குரலும் தெரிந்த குரல், ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம். இருபத்தெட்டு வரை வந்தாகிவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு கடைசி எண்ணைச் சொன்னாள்.

"இருபத்தொன்பது."

"உள்ளேன் மிஸ்."

ஒரே குரல்தான். ஆனால் அது இரண்டு இடத்திலிருந்து வந்தது.

வரிசையில் முன்னால் நின்ற வாயாடி ஒருத்தி, வகுப்பிலேயே பெரிய வாயாடி, திரும்பிப் பார்த்து, இனிமேல் அவளை ஒத்தை என்று கூப்பிட முடியாதே மிஸ் என்றாள். அவளுக்கு இது ஒரு வேடிக்கை. மற்ற பிள்ளைகளும் கிளுக்கென்று சிரித்தார்கள்.

டீச்சர் ஆயாம்மாவிடம் சொன்னது வெளியே சாதாரணமாகத்தான் கேட்டது. இருபத்தெட்டு பேரையும் வாசல் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மழைக்கோட்டை மாட்டி விடுங்கள், இந்த இரண்டு பேரை நான் கூட்டி வருகிறேன். ஆயாம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பலகைத் தரையில் ஐம்பத்தாறு காலணிகள் தடதடத்துக்கொண்டு போய் மறைந்தன.

"திரும்புங்க" என்றாள் டீச்சர்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

ஒத்தை. ஒத்தை.

போன வாரம் விழுந்த முன்பல்லின் ஓட்டை இரண்டு வாயிலும் இருந்தது. காலரில் மைக்கறை. பாவாடையின் ஓரம் பிரிந்து கிடந்ததைத் தைக்க நேரமில்லாமல் காலையில் அவளே மாட்டிவிட்ட ஊக்கு, சற்றுக் கோணலாக, இரண்டு பாவாடையிலும். மண்டியிட்டு இருவர் காதையும் மடக்கிப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால் மச்சம், எள்ளளவு. இருவருக்கும். முகர்ந்து பார்த்தாள். கூடம் முழுக்க நிறைந்த அந்த எண்ணெய் வாசனையில் எதுவும் பிரித்துத் தெரியவில்லை. காலையில் என்ன சண்டை போட்டோம் என்று கேட்டாள். "பால் வேணாம்னு" என்று ஒருத்தி ஆரம்பிக்க, "சொன்னதுக்கு" என்று மற்றவள் முடித்தாள்.

பத்து மாதம் வயிற்றில் சுமந்தவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கூடத்தில் விளக்கு அணைந்தது.

அணைத்துக்கொண்டே காவலாளி வந்தார். வயசானவர், நிதானமான நடை, கையில் ஒரு சின்ன இரும்புக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று ஓர் எண் கூடும். காலையில் அதை அமுக்கித்தான் பிள்ளைகளை உள்ளே விட்டார். இரண்டு பெண்களையும் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. நாள் முழுக்க நின்றவருக்குக் கால் வலிக்கிற மாதிரி ஒரு சலிப்பு மட்டும் தெரிந்தது.

"இருபத்தொம்பது உள்ள வந்துச்சு மேடம். இருபத்தொம்பதுதான் வெளிய போகணும்."

இதில் ஒன்று என் மகள் என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"எதுன்னு நான் கேக்க மாட்டேன். எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்." கையால் படத்தைக் காட்டினார்.

டீச்சர் படத்தைப் பார்த்தாள். மண்பாதை இருந்தது, மரக்கூட்டம் இருந்தது, இரண்டிரண்டாகப் பிள்ளைகள் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் தனியாக நடந்தவள் இல்லை. அவள் நின்ற இடத்தில் மண் மட்டும் கொஞ்சம் ஈரமாக மின்னியது.

அப்படியானால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நிஜமாகவே சொன்னாள். இன்னொரு தட்டு வைத்தால் போகிறது. இன்னொரு பாய். புருஷனுக்கு எதையாவது சொல்லிக்கொள்ளலாம். வளர்க்கிறேன், இரண்டையும் வளர்க்கிறேன், கதவை மட்டும் திறந்து விடுங்கள் என்று அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

காவலாளி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "முன்ன ஒரு சார் அப்படித்தான் ரெண்டையும் கூட்டிட்டுப் போனாரு." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வரிசை அப்ப இவ்வளவு நீளம் கிடையாது மேடம்."

வாசல் கூடத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் வந்தது. யாரோ யாருடைய தொப்பியையோ பிடுங்கிக்கொண்டார்கள். ஆயாம்மா அதட்டினாள். இருபத்தெட்டு பேர். இருபத்தெட்டு வீட்டில் இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபத்தெட்டு அம்மாக்கள்.

"இந்த விளக்கையும் அணைக்கணும்" என்றார் காவலாளி. "அணைச்சதும் படம் தானே எடுத்துக்கும். ஒண்ணோட விடுமான்னு எனக்குத் தெரியாது."

இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றாள். அவர் சுவர்ப்பக்கம் போய் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் இரண்டு பேருக்கும் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு முகத்திலும் ஒரே பயம். நாலு கண்ணிலும் ஒரே மாதிரி தண்ணீர் கட்டி நின்றது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தைகளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"யாரு நீ? என் கண்ணு யாரு? சொல்லிடு… சொல்லிடு."

இடது பக்கம் நின்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, வகுப்பில் நிற்பதுபோல விறைத்து நின்றாள். வலது பக்கம் நின்றவள் அப்படியே உடைந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து டீச்சரின் கழுத்தில் விழுந்தாள்.

"அம்மா… என்னை விட்டுடாதம்மா. வீட்டுக்குப் போலாம்மா."

அம்மா.

பள்ளி நேரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. அது காதில் விழவில்லை, அடிவயிற்றில் விழுந்தது. இவள்தான். வேறு யார் இப்படிக் கூப்பிடுவார்கள்? கழுத்தைக் கட்டிய கையை அவள் இறுக்கிக்கொண்டாள். அப்படியே வாரியெடுத்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மற்றவள் அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ், நான் எங்க நிக்கணும்?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. பார்த்தால் கால் நகராது. கயிற்றுத் தடுப்பைக் கையால் காட்டினாள்.

"அங்க. அங்கயே நில்லு."

"சரி மிஸ்."

பலகையில் காலடிச் சத்தம் இரண்டு மூன்று கேட்டது. நின்றது. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஓடினாள். பின்னால் சுவிட்ச் விழுந்தது.

*

வாசலில் டிக், டிக் என்று எண்ணி விட்டார் காவலாளி. இருபத்தொன்பது. கருவியைப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சரின் இடுப்பில் இருந்த குழந்தையை மட்டும் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுப் பட்டுப் புகைந்திருந்தது, பிள்ளைகள் அதில் விரலால் மூக்கும் கண்ணும் வரைந்தார்கள், டிரைவர் வைப்பரைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். டீச்சர் முன் இருக்கையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டமாவது ஒன்றாவது. எந்த அம்மாள் வேண்டுமானாலும் எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் எழுந்து நின்று பேசிக்கொள்ளட்டும். வேலை போனால் போகட்டும். இனி ஒரு நாளும் இவளை ஒத்தையாக விடமாட்டேன் என்று நினைத்து நினைத்து அழுதாள். குழந்தை அவள் மார்பில் சாய்ந்து, கையை விரலோடு விரல் கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அம்மா, அம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தது. புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிற மாதிரி.

பின் இருக்கையிலிருந்து ஆயாம்மா குனிந்தாள். எண்ணிக்கை சரியாகிவிட்டதில் அவளுக்கு நிம்மதி. ஒரு கடலைமிட்டாயைக் குழந்தையிடம் நீட்டினாள். குழந்தை வாங்கவில்லை.

"என்ன டீச்சர், இன்னைக்கு அம்மாங்குது?" என்றாள் ஆயாம்மா சிரித்துக்கொண்டே. "ஜுரத்துலகூட மிஸ்னுதானே கூப்பிட்டுச்சு. யூனிஃபார்ம் போட்டா அந்த வார்த்தையே வராதே அந்தப் பிள்ளைக்கு."

டீச்சர் குனிந்தாள்.

மடியில் இருப்பதை முகர்ந்தாள்.

பஸ்ஸில் டீசல் வாசனை இருந்தது. ஈரக் காலுறை வாசனை இருந்தது. பிள்ளைகள் தின்ற பிஸ்கட் வாசனை இருந்தது. மடியிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. கசந்த, பழைய, வண்ணம் குழைக்கிற எண்ணெய். கோத்திருந்த கையைப் பார்த்தாள். புறங்கைத் தோலில் மெல்லிய கீறல்கள் ஓடின. கோடை வந்த ஏரி மண்ணில் ஓடுகிற மாதிரி.

மிஸ், நான் எங்க நிக்கணும்?

அவள் கத்தியது பஸ்ஸில் யாருக்கும் புரியவில்லை. ஸ்டியரிங்கையே பிடிக்க வந்ததைப் பார்த்துத்தான் டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார்.

*

மியூசியத்தின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. காவலாளி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவருக்கு வழி விடுவதுபோல எழுந்து நகர்ந்து நின்றார்.

டீச்சர் ஓடினாள். ஒரு கூடம். இரண்டு கூடம். இருட்டு. ஃபோன் வெளிச்சம் தரையில் துள்ளியது. ஓடுகிற சத்தம் அவள் காலிலிருந்து மட்டும்தான் கேட்டது. ஆனால் கோத்திருந்த அந்தச் சின்னக் கை விடவில்லை. உதறினாள். விடவில்லை. பக்கத்திலேயே, மூச்சு வாங்காமல், கூடவே வந்தது.

கடைசிக் கூடம்.

கயிற்றுத் தடுப்புக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். மண்பாதை. மரங்கள். பிள்ளைகளின் முதுகுகள். கடைசியில் ஒருத்தி, தனியாக. நீல ரிப்பன். பாவாடை ஓரத்தில் கோணலாக ஒரு ஊக்கு மின்னியது. வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி, விரல்களை மடக்கி வைத்திருந்தாள். ஏதோ ஒரு பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளைப் போல.

"கண்ணு!"

மழை.

"கண்ணு, அம்மாடா. அம்மா வந்துட்டேன். இங்க பாரு. அம்மாவப் பாரு."

ரிப்பன்கூட அசையவில்லை. அம்மா என்று அங்கே யாரும் இல்லை. அவள்தானே சொன்னாள். யூனிஃபார்ம் போட்டிருக்கிற வரைக்கும்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"இருபத்தொன்பது."

"உள்ளேன் மிஸ்."

சுவருக்குள்ளிருந்து. தெளிவாக. கொஞ்சம் தூரத்திலிருந்து.

அவள் கயிற்றைத் தாண்டிப் போய்ப் படத்தில் விழுந்தாள். நகத்தால் சுரண்டினாள். வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் துணி. துணிக்கு அடியில் சுவர்.

"வெளிய வா. மிஸ் கூப்பிடறேன். வா!"

"நீங்க இங்கயே நிக்கச் சொன்னீங்க மிஸ்."

"இல்ல… நான் தப்பா சொல்லிட்டேன். தப்பு என்னோடது. வந்துடு கண்ணு…"

கண்ணு என்று கூப்பிட்டால் அது பதில் சொல்லாது.

வெளிச்சத்தை மறுபடி உயர்த்தினாள். வரிசை முன்பு பார்த்த உயரத்தில் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரு சாண் சின்னதாகியிருந்தார்கள். முதல் ஜோடி மரங்களுக்குள் போய்விட்டிருந்தது.

"இருபத்தொன்பது."

"உள்ளேன் மிஸ்."

இன்னும் சின்னதாக.

"இருபத்தொன்பது!"

"உள்ளேன் மிஸ்."

கூப்பிடுவதை நிறுத்தினால் போய்விடும். கூப்பிட்டாலும் போகிறது. ஊக்கின் மினுமினுப்பு இப்போது ஊசிமுனை அளவுதான். டீச்சர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் கம்மியது. கூப்பிட்டாள். மரங்களுக்கு நடுவிலிருந்து, கொசு முனகுவதுபோல, ஒவ்வொரு தடவையும் தவறாமல், அந்தப் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டே போயிற்று.

கோத்திருந்த கை அவள் விரல்களை மெல்ல இறுக்கியது.

"போதும்மா" என்றது பக்கத்தில் நின்றது. "வா, வீட்டுக்குப் போலாம்."